ஹெலிகாப்டரில் கிம்பர்லி: ஆகஸ்ட் வேண்டாம், மே மாதம் போங்கள்

கேள்வி: பெர்த்தில் வேலை பார்க்கும் மகன், ஆகஸ்டில் எங்களை மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிக்கு ஐந்து நாள் ஹெலிகாப்டர் சஃபாரி கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கு 64 வயது. மனைவிக்கு முழங்கால் வலி. இவ்வளவு செலவு தேவைதானா? ஜீப்பில் போனால் போதாதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஜீப்பில் தாராளமாகப் போகலாம் ஐயா. ஆனால் கடலோரத்தைப் பார்க்க முடியாது. கிம்பர்லி, தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. குறுக்கே ஓடும் கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைதான். உள்பகுதிப் பள்ளத்தாக்குகளுக்கு அது போதும். வடமேற்குக் கடலோரத்தில் பெரும்பாலும் ரோடே கிடையாது. படகு, இல்லாவிட்டால் ஹெலிகாப்டர்.

அதனால் ஹெலிகாப்டரைக் கடலோரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; மூன்று நாள் போதும். புர்னுலுலு தேசியப் பூங்காவின் வரிவரியான மணற்பாறைக் குன்றுகளுக்குத் தனியாகச் சின்னச் சுற்றுலா விமானங்கள் இருக்கின்றன. அங்கேயும் ஹெலிகாப்டரில் போய் மகன் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

ஆகஸ்ட்தான் எனக்கு இடிக்கிறது. அங்கே மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகஸ்டில் வானம் பளிச்சென்று இருக்கும், அருவிகள்தான் மெலிந்துவிடும். நாலு தட்டாக விழும் மிட்செல் அருவியையும், கடலுக்குப் பக்கத்திலேயே இரட்டையாக விழும் கிங் ஜார்ஜ் அருவியையும் தண்ணீரோடு பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் போங்கள். ஜூன் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம்.

மாதத்தைவிட முக்கியம் கடலின் ஏற்றவற்றம். டெர்பி என்ற கடலோர ஊர்ப் பக்கம் அது கிட்டத்தட்ட 12 மீட்டர் வரை போகும், நாலு மாடி உயரம். டால்பட் விரிகுடாவில் இரண்டு பாறைத் தொடர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குறுகிய இடுக்கு. கடல் ஏறும் வேகத்துக்கு அந்த இடுக்கால் தண்ணீரை விட முடிவதில்லை. ஒரு பக்கம் மேடாகி, மறுபக்கம் பள்ளமாகி, கடலே பாய்ந்து கொட்டும். நீர் நின்றிருக்கும் நேரத்தில் போனால் வெறும் அமைதியான கடல்தான். மாண்ட்கோமரி பவளத்திட்டும் அப்படியே: நீர் வடியும்போதுதான் திட்டு மேலே எழுவதுபோலத் தெரியும், ஓரமெல்லாம் தண்ணீர் வழிந்து விழும். ‘எந்த நாள், எத்தனை மணிக்கு அங்கே இருப்போம், அப்போது நீர்மட்டம் எப்படி?’ என்று நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பார்க்கலாம்.

முழங்கால் விஷயத்தில் ஹெலிகாப்டர் நல்லதே. மிட்செல் அருவிக்கு முகாமிலிருந்து நடந்தால் ஒரு வழிக்கே நாலு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பாறைமேல். ஆனாலும் இறங்குமிடம் சமதளமாக இருக்காது, கைத்தடி எடுத்துக்கொள்ளட்டும். சின்ன ஹெலிகாப்டரில் விமானியோடு சேர்த்து நாலு இருக்கைதான். ஆளையும் பையையும் எடை போட்டுத்தான் உட்கார வைப்பார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சூட்கேஸ் உள்ளே போகாது, துணிப்பைதான்.

வழிகாட்டி சொன்ன இடம் தவிர எந்தத் தண்ணீரிலும் கால் வைக்காதீர்கள். உப்புநீர் முதலைகள் ஆற்றுக்குள்ளும் வெகுதூரம் வரும். பாறை ஓவியங்கள் அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானவை, கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். காப்பீட்டில் அவசர விமான மருத்துவ உதவி அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். முகாமுக்குச் சாமான் விமானத்திலோ படகிலோதான் வரும். கடைசி நேரத்தில் பருப்பு வாங்கக் கடை கிடையாது.