ஆற்றுப் படகும் அவுட்போர்டு மோட்டாரும்: கேட்டதும் சொன்னதும்

கொள்ளிடம் கடலில் சேரும் பக்கத்தில் அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற மோட்டார், வேலை பார்க்கிறவன் நான். ஆறு, கழிமுகம், உப்பங்கழி, ஏரி, இவற்றில் ஓடும் சின்னப் படகுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஆழ்கடல் விசைப்படகு, இழுவலை விஷயங்களைத் துறைமுகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்துப்பேட்டை: அண்ணே, பழைய டூ ஸ்ட்ரோக் 9.9 குதிரைத்திறன் மோட்டார் வாங்கியிருக்கிறேன். பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது?

50-க்கு 1. லிட்டருக்கு 20 மில்லி. பிஸ்டன், ரிங் மாற்றியிருந்தால் பழகும்வரை 25-க்கு 1, அதாவது 40 மில்லி. எத்தனை மணி நேரம் என்பது கையேட்டில் இருக்கும். சில மாடலின் கையேட்டில் 100-க்கு 1 என்றுகூட இருக்கும், நம் வெயிலுக்கும் நாம் ஏற்றுகிற சுமைக்கும் நான் 50-ஐ விட மாட்டேன். பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் வேண்டாம். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கென்று சாம்பல் சேராமல் செய்த ஆயில் அது.

தாமிரபரணிக் கரை: ஐயா, ஆற்றில் மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் ஒன்றாகப் பேசிக்கொள்ளும் இடம் இணையத்தில் எங்கே இருக்கிறது? தேடினால் கேரளத்துப் படகு வீட்டு விளம்பரமும் கடலில் தூண்டில் போடுகிறவர்களும்தான் வருகிறார்கள்.

தம்பி, 'ஆற்றுப் படகு' என்று தேடினால் அப்படித்தான் வரும். தேடலை இரண்டாகப் பிரியுங்கள். மோட்டார் பற்றிய சந்தேகம் என்றால் மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அது எந்த நாட்டுக்காரர் பேசும் இடமாக இருந்தாலும் சரி, கார்புரேட்டர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆறு பற்றிய விஷயம் என்றால் உங்கள் ஆற்றில் இறங்குகிறவர்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், போன வெள்ளத்துக்குப் பிறகு மணல் திட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது, ராத்திரி யார் எங்கே வலை கட்டியிருக்கிறார்கள், புன்னைக்காயல் முகத்துவாரத்தில் ஆழம் எப்படி இருக்கிறது, இதெல்லாம் அந்தப் பத்து மைல் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த சேதி. படகுத்துறையில் நின்று நாலு பேரின் எண்ணை வாங்கி நீங்களே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். வலைக்காரர் ஒருவர், ஒரு மெக்கானிக், மதகில் வேலை பார்ப்பவர் ஒருவர் அதில் இருந்தால் போதும், ஐயாயிரம் பேர் இருக்கிற குழுவைவிட அது உங்களுக்கு உதவும். காலை வணக்கப் படங்களை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள், தண்ணீர் திறக்கிற சேதி அதற்கடியில் புதைந்து போகக்கூடாது.

கொடியம்பாளையம் பக்கம்: எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் லாங் டெயில் டீசல்தான் வைத்திருக்கிறார்கள். அவுட்போர்டு எதற்கு?

நியாயமான கேள்வி. நீளத் தண்டின் நுனியில் விசிறி வைத்த எஞ்சின்தான் லாங் டெயில். சேறும் ஆகாயத்தாமரையும் உள்ள தண்ணீரில் அது நன்றாக ஓடும், அதை நான் மறுக்கவில்லை. காற்றில் குளிர்கிற டீசல் எஞ்சின் என்றால் ஆற்றுத் தண்ணீரை உள்ளே இழுக்காது. அவுட்போர்டோ சேற்றுத் தண்ணீரையே இழுத்துக் குளிர வேண்டியது, மணல் போய், தண்ணீரை உள்ளே தள்ளுகிற ரப்பர் இம்பெல்லரைத் தேய்த்துவிடும், பக்கத்தில் பீச்சுகிற தண்ணீர் மெலிந்தால் உடனே அணைத்தாக வேண்டும். தாமரை சிக்கினால் லாங் டெயில்காரர் கைப்பிடியை அழுத்தி விசிறியைத் தூக்கி உதறிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் நம் பக்கம் ஓடும் லாங் டெயிலில் பெரும்பாலும் கிளட்சும் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. எஞ்சின் பிடித்ததுமே விசிறி சுற்றும். துறையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு படகு கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுற்றுகிற தண்டு படகுக்குப் பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, புடவையோ வலையோ கயிறோ எது பட்டாலும் சுருட்டிக்கொள்ளும். தனியாக வலைக்குப் போகிறவருக்கு லாங் டெயில் சரி. ஆள் ஏற்றுகிற படகுக்கு நியூட்ரலும் ரிவர்ஸும் இருந்தே ஆக வேண்டும்.

வேதாரண்யம்: அண்ணா, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக்குக்கு லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்?

மேலே சொல்லியாகிவிட்டது. குதிரைத்திறன் மாறினாலும் அதே 20 மில்லி.

பிச்சாவரம் பக்கம்: மோட்டாரோடு வந்த சிவப்புச் சுருள் கயிறு தொலைந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஓட்டுகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். அது கில் கார்டு. ஒரு முனை மோட்டாரின் சுவிட்சில், மறு முனை ஓட்டுகிறவரின் தொடையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கும், எஞ்சின் நின்றுவிடும். கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? கைப்பிடியை விட்டதும் மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்ப வரும், விசிறி சுற்றியபடி. 2013 மே மாதம் இங்கிலாந்தில், பேட்ஸ்டோ ஊருக்குப் பக்கத்துக் கழிமுகத்தில் இதுவே நடந்தது. ஒரே குடும்பத்தில் ஆறு பேர் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள், ஓடிக்கொண்டிருந்த படகு அவர்கள் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அந்தப் படகில் கில் கார்டு இருந்தது. ஓட்டியவர் உடம்பில் மாட்டியிருக்கவில்லை.

இரண்டு கயிறு வாங்குங்கள். ஒன்று உடம்பில், இன்னொன்று படகில் இருக்கிற மற்றவர் கைக்கு எட்டும் இடத்தில். நீங்கள் விழுந்து கயிறும் உங்களோடு போய்விட்டால், மற்றவர் அந்த இரண்டாவதைச் செருகித்தான் எஞ்சினைக் கிளப்பி உங்களைத் தூக்க வரமுடியும்.

மட்டக்களப்பு: அண்ணன், எங்கட போட் வாவியில் கவிழ்ந்து எஞ்சின் ராத்திரி முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்தது. இன்னும் எடுக்கவில்லை. என்ன செய்ய?

எடுப்பதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்துதான் துரு வேகமாகப் பிடிக்கும். எடுத்ததும் நல்ல தண்ணீரால் மேலும் கீழும் கழுவுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்து ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓடவைத்துச் சூடாக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அன்றைக்கே செய்ய முடியாது என்றால் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள்ளேயே முக்கி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய எஞ்சின் என்றால் கையால் சுற்றும்போது எங்காவது பிடிக்கிறதா பாருங்கள். பிடித்தால் பலவந்தமாக இழுக்காதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

கொடியம்பாளையம் பக்கம் (மறுபடியும்): டீசல் செலவை விட்டுவிட்டீர்களே. அவுட்போர்டு குடிக்கிற பெட்ரோலுக்கு மீன் விற்ற காசு போதாது.

உண்மைதான், டூ ஸ்ட்ரோக் அதிகம் குடிக்கும், வலைக்குப் போகிறவருக்கு டீசல்தான் கட்டுப்படியாகும். நான் ஆள் ஏற்றுகிற படகைச் சொன்னேன்.

பரங்கிப்பேட்டை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லாங் டெயிலிலும் கிளட்ச் வைத்துக் கட்டித் தருகிறார்கள், எங்கள் மாமா படகில் இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பேசுகிறீர்கள்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். உங்கள் மாமா நல்ல வேலை செய்திருக்கிறார், தண்டுக்கும் விசிறிக்கும் மேலே இரும்பு வளையம் ஒன்று பற்றவைத்துவிட்டால் இன்னும் நல்லது. எல்லோரும் அப்படிக் கட்டினால் எனக்குச் சண்டையே இல்லை. வேகத்தில் எது ஜெயிக்கும் என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கரையில் அலை அடித்து மற்றவர் வலையைக் கிழிக்கிற வேகம் ஆற்றுக்குத் தேவையில்லை, அதற்குப் பதில் எழுதப்போவதில்லை.

காரைக்கால்: 9.9-க்கும் 15-க்கும் பிளாக் ஒன்றுதானாம், கார்புரேட்டரை மாற்றினால் 15 ஆகிவிடுமாமே?

சில மாடல்களில் ஆகும். உங்கள் படகின் பின்பலகை 15-ஐத் தாங்குமா என்று அதைக் கட்டியவரிடம் முதலில் கேளுங்கள். ஏட்டில் 9.9 என்று பதிந்துவிட்டு 15 ஓட்டினால் விபத்து நடந்த அன்றைக்குக் காப்பீடும் கைவிடும்.

நாகப்பட்டினம்: பெட்ரோல்-ஆயில் கலவை விகிதம் சொல்லுங்கள்.

50-க்கு 1. கேட்பதற்கு முன்னால் மேலே இரண்டு தடவை சொன்னதைப் படியுங்கள், இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சிதம்பரம்: இப்போது வரும் எத்தனால் பெட்ரோலால் மோட்டார் கெடுமா?

20 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கும், ஆயில் மேலே நிற்கிற பெட்ரோலோடு போய்விடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயிலே இல்லாத சரக்கு போகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் கலவையை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். பழைய ரப்பர் குழாய் பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள்.

அணைக்கரை: மதகுக்குக் கீழே நுரை தள்ளுகிற இடத்தில் மீன் நிறைய நிற்கிறது. மோட்டார் வலுவாக இருந்தால் கிட்டே போகலாமா?

போகாதீர்கள். தடுப்பணையில் விழுகிற தண்ணீர் அடியில் போய் மேலே வந்து, மறுபடி அணையை நோக்கியே திரும்புகிறது. கீழே நிற்கிற படகைக்கூட அது அணைப் பக்கமாக இழுக்கும். நுரையில் பாதி காற்று, விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது, எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் வீண். மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் வருகிற நாட்களில் படகையே இறக்காதீர்கள். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின, அந்தத் தண்ணீரின் பலம் அவ்வளவு.

சீர்காழி: காணும் பொங்கலுக்கு உறவுக்காரர் பன்னிரண்டு பேரை என் மீன்பிடிப் படகில் முகத்துவாரம் வரை கூட்டிப் போகலாமா? கில் கார்டு மாட்டிக்கொள்வேன்.

வேண்டாம் தம்பி. வலையும் ஐஸ் பெட்டியும் தாழ்வாக, அசையாமல் கிடக்கும் படகு அது. மனிதர்கள் எழுந்து நிற்பார்கள், டால்பின் என்று யாராவது கத்தினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதில் இன்னொரு 22 பேர். நான்கு நான்கு பேராகக் கூட்டிப் போங்கள், ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, பகலில், முகத்துவாரத்துக்கு வெகு முன்பே திரும்பிவிடுங்கள். ஜாக்கெட் வாங்கும்போது உள்பட்டையில் மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு. நீந்தத் தெரியாதவருக்கு 100 அல்லது 150. குழந்தைகளுக்குத் தொடையிடுக்குப் பட்டி உள்ளது மட்டும், இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும்.

கடலூர்: பதிவு செய்வது எப்படி?

1917 சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்திருக்கிறது, ஆள் ஏற்றும் மோட்டார் படகுக்கு அதுதான். மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத்துறை அலுவலகம். காகித வேலையை அங்கே கேளுங்கள்.

புதுச்சேரி: அடியில் மாட்டுகிற துத்தநாகக் கட்டி தேயவே இல்லை, நல்லதுதானே?

இல்லை. மோட்டாரின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்குத்தான் அந்தக் கட்டி. உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த கழிமுகத்துக்கு அலுமினியம். ஆற்றிலேயே நிற்கும் படகில் துத்தநாகம் தேயாமல் இருந்தால் அது வேலை செய்யவில்லை, அதற்குப் பதிலாக உங்கள் கியர் பெட்டி தேய்ந்துகொண்டிருக்கலாம். மாற்றும்போதே கியர் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.