புயலுக்குப் பிறகு கரண்ட் கொண்டுவரும் லைன்மேன்களுக்கு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு நன்றி? சம்பளத்துக்குத்தானே வேலை செய்கிறார்கள்?

ஆமாம், சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார்கள். நல்ல சம்பளமும்கூட. புயல் வேலை என்றால் ஓவர்டைம் சேர்ந்து கணிசமாகவே வரும், அதை அவர்களும் மறைப்பதில்லை. அது தெரிந்தேதான் மக்கள் நன்றி சொல்கிறார்கள். ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா பக்கம் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், வருவது யார் என்று பாருங்கள். எந்த மின்சாரக் கம்பெனியும் அன்றாட வேலைக்குத் தேவையான ஆட்களைத்தான் வைத்திருக்கும். ஒரே இரவில் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கினால் அந்த ஆட்கள் எந்த மூலைக்குப் போதும்? அதனால் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. மியூச்சுவல் எய்ட் என்பார்கள். உன் ஊரில் புயல் அடித்தால் என் ஆட்கள் வருவார்கள், என் ஊரில் அடித்தால் உன் ஆட்கள் வரவேண்டும், செலவு அழைத்தவருடையது. 2017-இல் இர்மா புயல் வந்தபோது அமெரிக்கா முழுவதிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறக்குறைய 60,000 பேர் இப்படித் திரண்டார்கள். புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே கிளம்பி, அதன் பாதைக்கு வெளியே எங்காவது ஒரு மைதானத்திலோ மால் பார்க்கிங்கிலோ வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருப்பார்கள். நாங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு வடக்கே போகும்போது, எதிர்ச் சாரியில் பக்கெட் டிரக்குகள், அதாவது ஆளை மேலே தூக்கும் தொட்டி வைத்த லைன்மேன் வண்டிகள், ஊருக்குள் வந்துகொண்டிருக்கும். அதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு உங்கள் கேள்வியே எழாது.

அந்தச் செலவு கடைசியில் பெரும்பாலும் எங்கள் பில்லில்தான் வந்து உட்காரும், புயல் கட்டணம் என்ற பெயரில். அதற்கு முணுமுணுக்காத வீடு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே வாசலில் நன்றிப் பலகையும் நட்டு வைப்பார்கள். கம்பெனி வேறு, கம்பத்தில் ஏறுபவன் வேறு என்பதில் இங்கே யாருக்கும் குழப்பமில்லை.

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் வந்தது. அதற்கு முந்தைய புயலான ஹெலீன் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நனைந்த சோபாக்களும் மெத்தைகளும் தெருவோரத்தில் இன்னும் குவிந்து கிடந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராபிகானா ஃபீல்ட் பேஸ்பால் அரங்கின் கூரை கிழிந்து தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிவாரண வேலைக்கு வருபவர்கள் தங்குவதற்காக அதற்குள் வரிசை வரிசையாகக் கட்டில்கள் போட்டு வைத்திருந்தார்கள். உதவிக்கு வருபவர்கள் தங்கும் இடத்துக்கே அந்தக் கதி. ஃப்ளோரிடாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் அறுந்துபோயின.

முதல் ஒன்றிரண்டு நாள் ஊரே பொறுமையாக இருக்கும். ஃபிரிட்ஜில் உருகுவதை எடுத்துச் சமைத்து அக்கம்பக்கத்தில் பகிர்ந்துகொள்வது, வாசலில் நாற்காலி போட்டு அரட்டை அடிப்பது என்று திருவிழா மாதிரிகூடப் போகும். அப்புறம்தான் சிக்கல். எதிர்ச் சாரிக்கு கரண்ட் வந்துவிடும், நமக்கு வராது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அன்று ஓடிய வசவுகளை இங்கே எழுத முடியாது. உண்மையில் எதிர்ச் சாரி வேறு ஃபீடரில், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து வரும் வேறு லைனில் இருக்கிறது, அதே ஃபீடரில் ஒரு மருத்துவமனையும் இருக்கிறது, அவ்வளவுதான். சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பெரிய டிரான்ஸ்மிஷன் லைன்கள், அடுத்து சப்ஸ்டேஷன், பிறகு மருத்துவமனை, குடிநீர் நிலையம் போன்றவற்றுக்குப் போகும் முக்கிய ஃபீடர்கள், அதற்குப் பிறகு ஒரே இடத்தைச் சரிசெய்தால் அதிக வீடுகளுக்கு வெளிச்சம் வரும் லைன்கள். கடைசியில்தான் எங்கள் வீட்டைப் போல, கொல்லைப்புறக் கம்பத்திலிருந்து நாலு வீட்டுக்கு மட்டும் போகும் கம்பி. இந்த வரிசை புரியாதவர்களுக்குத்தான் கோபம் வரும்.

இன்னொரு புகாரும் தவறாமல் வரும்: "வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள்." எங்கள் தெருவிலும் ஒருவர் படம் பிடித்துக் குழுவில் போட்டார். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தெருக்கோடியில் இருக்கிறார், அவர்தான் விளக்கினார். லைனில் கை வைப்பதற்கு முன் கட்டுப்பாட்டு அறை அந்தப் பகுதியைத் துண்டித்து அனுமதி கொடுக்க வேண்டும். மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்த்து, எர்த் கம்பி மாட்டிய பிறகுதான் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாது, வழிகாட்ட உள்ளூர் ஆள் வரவேண்டும். மரம் சாய்ந்திருந்தால் வெட்டுகிறவர்கள் முதலில் வரவேண்டும். காற்று மணிக்கு 30, 35 மைலைத் தாண்டினால் பக்கெட்டை மேலே ஏற்ற மாட்டார்கள். அதாவது காத்திருப்பதும் வேலைதான். அந்தப் பெரியவர் எழுதிய பிறகு குழு கப்சிப்.

எங்கள் முறை வந்தபோது வந்தவர்கள் வேறு மாநில நம்பர் பிளேட் வைத்த குழு. 16 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு என்பது அவர்களுக்குப் புயல்கால வழக்கம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்டோபர் என்றாலும் ஃப்ளோரிடா வெயில் வெயில்தான், அதில் முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறை. கொல்லைப்புறத்துக்குள் டிரக் நுழைய முடியாததால் ஒருவர் இடுப்பு பெல்ட்டோடு கம்பத்தில் ஏறினார். கீழே நின்ற ஃபோர்மேன் எங்களிடம் கேட்டது இரண்டே விஷயம்: "நாயை வீட்டுக்குள் வையுங்கள், யாரும் கம்பத்துக்குக் கீழே வராதீர்கள்."

எல்லாம் முடிந்ததும் ஒருவர் நீளமான மஞ்சள் கழியை ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்து நீட்டி, அதன் நுனியால் தெருமுனைக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஃபியூஸைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளினார். டப் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி எங்கள் சாரியில் ஏசி பெட்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. யாரும் சொல்லாமலே எல்லாரும் கைதட்டினார்கள். அவரோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஃபியூஸ் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழியை மடக்கினார்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். கரண்ட் போனதும் சிலர் ஜெனரேட்டரை நேராக வீட்டு வயரிங்கில் செருகிவிடுவார்கள். அந்த மின்சாரம், வழக்கமாகக் கரண்ட் வரும் வழியே திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஏறியவர்மேல் பாயும். எர்த் மாட்டுவதே இதற்காகவும்தான். போக்குவரத்து இன்னொரு எமன். 2018-இல் மைக்கேல் புயலுக்குப் பின் ஃப்ளோரிடாவின் சிப்லியில் சாலையோரம் வேலை செய்துகொண்டிருந்த லைன்மேன்கள் வாகனம் மோதி இறந்தார்கள். வேறு ஊர் வீடுகளுக்கு வெளிச்சம் தர வந்து, வீடு திரும்பாதவர்கள்.

நன்றி எல்லா இடத்திலும் ஒரேபோல் இருப்பதில்லை. 2024 ஜூலையில் பெரில் புயல் டெக்சாஸின் ஹூஸ்டனைத் தாக்கியது. வகைப்படி அது வெறும் முதல் நிலைச் சூறாவளி. ஆனால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போய்விட்டன, கொடும் வெயிலில் பல நாள் மின்சாரம் இல்லை. கம்பெனிமேல் இருந்த ஆத்திரத்தைச் சிலர் தெருவில் நின்ற லைன்மேன்கள்மேல் காட்டினார்கள். மிரட்டல்வரை போனது, நகர மேயரே கண்டிக்க வேண்டியதாயிற்று. கோபத்தில் நியாயம் இருந்தது, அது போய் விழுந்த இடம்தான் தப்பு. இதையெல்லாம் பார்க்கும்போது, லைன்மேன் வண்டிகளைப் பார்த்துப் பாலத்தின்மேல் நின்று கொடியசைக்கும் ஊர்கள் கொஞ்சம் மிகையாகவே செய்தாலும் பரவாயில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அதிகாரபூர்வமான நன்றி நாளும் உண்டு. அமெரிக்க செனட் 2013-இல் ஏப்ரல் 18-ஐ லைன்மேன் பாராட்டு தினமாக அறிவித்தது. மின்தொழிலாளர்களின் தொழிற்சங்கமான ஐபிஇடபிள்யூ ஜூலை 10-ஐக் கொண்டாடுகிறது. சங்கத்தின் முதல் தலைவர் ஹென்றி மில்லர் 1896-இல் அதே நாளில்தான், லைன் வேலையில் ஷாக் அடித்துக் கீழே விழுந்தார்; அதில்தான் இறந்தார். எனக்கு இந்த இரண்டாவது தேதிதான் பொருத்தமாகத் தெரிகிறது.

நீங்கள் இங்கே புதிதாகக் குடிவந்து, எப்படி நன்றி சொல்வது என்று யோசித்தால், ஐஸ் போட்ட தண்ணீர் பாட்டில்கள் போதும். வேலை நடக்கும்போது பக்கத்தில் போகாதீர்கள், ஃபோர்மேனிடம் கேட்டுவிட்டு ஓரமாக வையுங்கள். பணம் நீட்டாதீர்கள், வாங்கினால் அவர்களுக்குத்தான் சிக்கல். குழந்தைகள் வரைந்த அட்டையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே கொல்லைக் கதவைத் திறந்து, மீட்டருக்குப் போகும் வழியில் கிடக்கும் கிளைகளை ஒதுக்கி வைப்பது எல்லாவற்றையும்விட மேல். சாலையோரம் அவர்கள் வண்டி நின்றால் ஒரு லேன் தள்ளிப் போங்கள், முடியாவிட்டால் வேக வரம்பிலிருந்து 20 மைல் குறையுங்கள். ஃப்ளோரிடாவில் அது சட்டமும்கூட. மரம் வெட்ட வருபவர்களுக்கும் ஒரு பாட்டில் கொடுங்கள். எல்லாரும் பக்கெட் டிரக்கையே சூழ்ந்துகொள்வதால் அவர்களை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில், கம்பத்துக் கம்பியை வாங்கி மீட்டருக்குக் கொண்டுபோகும் சர்வீஸ் குழாய் வளைந்தால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. லைன்மேன் அதைத் தொட மாட்டார், எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்தால்தான் இணைப்பு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. இணைப்பு கொடுக்காமல் போன குழுவுக்கும் அவர் ஒரு பெட்டி நிறைய ஐஸ் கொடுத்து அனுப்பினார். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து எல்லாம் சரிசெய்து கொடுத்தார். பில்லைப் பார்த்ததும் அந்த அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.