அமெரிக்க அதிபர் ஒரு நிர்வாக ஆணையில் (executive order) கையெழுத்துப் போட்டாலே அது சட்டமாகிவிடுமா?

ஆகாது. கையெழுத்துப் போட்டு கேமராவுக்குத் தூக்கிக் காட்டுகிறாரே, அது தனக்குக் கீழே இருக்கும் நிர்வாகத்துக்கு அதிபர் போடும் உத்தரவு. நம்மூர் அவசரச் சட்டத்தோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவசரச் சட்டத்துக்கு நம் அரசியலமைப்பிலேயே இடம் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பிலோ 'நிர்வாக ஆணை' என்ற சொல்லே கிடையாது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், போட்ட ஒரு சட்டத்தையோ, அரசியலமைப்பு அதிபருக்குத் தந்த அதிகாரத்தையோ பிடித்துக்கொண்டுதான் அது நிற்க முடியும். எந்தப் பிடி என்பதைப் பெரும்பாலும் ஆணையின் தொடக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான்.

பிடி வழுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதிபர் ட்ரூமன் கதை போதும். 1952 ஏப்ரல், கொரியப் போர் நேரம். எஃகு ஆலைத் தொழிலாளர்கள் விடிந்தால் வேலைநிறுத்தம் என்று நிற்கிறார்கள். முந்தைய இரவு ட்ரூமன் வானொலியிலும் டிவியிலும் தோன்றி, ஆலைகளை அரசே எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். ஜூன் 2-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று ஆணையைத் தூக்கி எறிந்தது. அந்த ஆறு பேரில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள். ஒருவர் அவரிடமே அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக) இருந்தவர்! காரணம் இதுதான்: ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அதிபருக்குத் தரலாமா என்று 1947-லேயே காங்கிரஸ் யோசித்து, வேண்டாம் என்று விட்டிருந்தது. அப்புறம் வேலைநிறுத்தம் ஏழு வாரம் ஓடியது.

சரி, காங்கிரஸும் அதிபர் பக்கம் நின்றுவிட்டால்? ஜப்பானோடு இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம், 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட 9066-ஆம் ஆணையில் 'ஜப்பானியர்' என்ற சொல்கூட இல்லை. ராணுவப் பகுதிகளிலிருந்து யாரையும் வெளியேற்றலாம், அவ்வளவுதான். மீறினால் தண்டனை என்று அடுத்த மாதமே காங்கிரஸ் சட்டம் போட்டது. சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்குப் போனார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1944-ல் அதே உச்ச நீதிமன்றம், அதே 6-3, இந்த முறை சரி என்றது. கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கோர்ட்டே தேவைப்படாத சமயமும் உண்டு. கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூட வேண்டும் என்று 2009 ஜனவரி 22-ல், பதவியேற்ற மூன்றாம் நாளே, ஒபாமா ஆணையிட்டார். கைதிகளை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவரப் பணம் கிடையாது என்று காங்கிரஸ் கையை விரித்தது. எட்டு ஆண்டு ஆண்டுவிட்டு அவர் போய்விட்டார், சிறை அங்கேயேதான் இருந்தது.