கடற்கரை விடுமுறை: மாதமும் திசையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

வெயில் கால விடுமுறைக்குக் கடற்கரை தேடும் வாசகர்களின் கேள்விகளில் பல, ‘எது அழகான கடற்கரை?’ என்றே தொடங்கியிருந்தன. அழகைப் பற்றிய விசாரணை கடைசியில் வரட்டும். செல்லவிருக்கும் மாதத்தில் காற்று எங்கிருந்து வீசுகிறது, அந்தக் கரை எத்திசையைப் பார்த்து அமைந்திருக்கிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதை ஒட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டுமே எங்களுக்கு விடுமுறை. இலங்கைக்கோ தாய்லாந்துக்கோ செல்ல விரும்புகிறோம்; ஆனால் அது மழைக்காலம் என்று எல்லோரும் தடுக்கிறார்கள். திட்டத்தைக் கைவிட வேண்டியதுதானா?

கைவிட வேண்டாம், கரையை மாற்றிக்கொண்டால் போதும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் நேராக வந்து மோதுவதால், பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ போன்ற இடங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதே காற்று நடுவிலுள்ள மலைகளில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது வறண்டுவிடுவதால், நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அந்த மாதங்களில் வானமும் தெளிவாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். அறுகம் குடாவுக்கும் அதுவே பருவம். ஆனால் அங்கே கூட்டம் வருவது அலைச்சறுக்குக்காக என்பதை நினைவில் கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

தாய்லாந்திலும் இதே கதைதான். அந்தமான் கடலைப் பார்த்த புக்கெட், கிராபி ஆகியவற்றில் மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும் மிகுதி. வளைகுடாப் பக்கம் உள்ள கோ சமுயிக்கு அடைமழைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் என்பதால், உங்கள் மாதங்களுக்கு அது பொருந்தும். மலேசியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளும் அப்போது நல்ல தேர்வுகளே. நவம்பருக்குப் பிறகு அங்குள்ள விடுதிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள பாலித் தீவிலோ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்திலும் நாள் முழுவதும் மழை பெய்வதில்லை, இடையிடையே நல்ல வெயில் அடிக்கும் என்று விடுதிக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அலைகள் தொலைதூரக் கடலில் வீசும் காற்றால் உருவாகி வருபவை ஆதலால், தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கிறது என்பதற்காக அவை அடங்கிவிடுவதில்லை. விளம்பரப் படங்களில் எடுத்த மாதத்தை யாரும் அச்சிடுவதும் இல்லை.

கேள்வி: கரீபியன் தீவுகளுக்குச் செல்லும் வாய்ப்பு செப்டம்பரில் கிடைத்திருக்கிறது. புயல் பயம் உண்டா?

உண்டு. அட்லாண்டிக் புயல் பருவம் அதிகாரபூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சமே செப்டம்பர்தான். தேதியை மாற்ற இயலாதென்றால், தென் அமெரிக்கக் கரையை ஒட்டி, புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருக்கும் அரூபா, பொனேர், குராசாவ் ஆகிய மூன்று தீவுகளில் ஒன்றைப் பாருங்கள். அவற்றுக்கு முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும், நேரடித் தாக்குதல் மிக அரிது.

2011 முதல் அப்பகுதிக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. சர்காசம் எனப்படும் பழுப்பு நிறக் கடற்பாசி, குறிப்பாக மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, குவியல் குவியலாகக் கரை ஒதுங்கி அழுகி, அழுகிய முட்டையின் நாற்றத்தைக் கிளப்புகிறது. காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் கிழக்கு நோக்கிய கரைகளே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. அதே தீவின் மேற்குக் கரை தெளிவாக இருப்பதுண்டு. அறையைப் பதிவு செய்யும் முன் அது தீவின் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு ஏற்ற கரையை எப்படி அடையாளம் காண்பது?

மணலே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். பொடி மணல் உள்ள கரை பொதுவாக மெல்லச் சாய்ந்து கிடக்கும். ஈர மணல் இறுகியிருப்பதால் பாதம் பதியுமே ஒழியப் புதையாது. அலைகளும் தொலைவிலேயே உடைந்து, குழந்தையின் கணுக்காலைத் தொடும்போது வலுவிழந்திருக்கும். பரல் பரலான மணல் என்றால் கால் புதையும், கரை சரேலென்று இறங்கும், அலை கரையோரத்திலேயே ஓங்கி விழும். இரண்டடி எடுத்து வைத்தாலே பெரியவர்களுக்கும் நிலை எட்டாமல் போகும் இத்தகைய கரை, படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்று வயதுக் குழந்தைக்கு உகந்ததன்று.

பவளத்திட்டு அரணாக நிற்கும் கரைகள் இன்னும் நல்லவை. பாலியில் மேற்கு நோக்கிய குட்டாவில் அலைச்சறுக்குக்காரர்கள் கூடுகிறார்கள். கிழக்குப் பக்கத்துச் சானூரில் திட்டுக்கு உட்புறம் நீர் குளம் போலக் கிடக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் சானூரில் நீந்த ஆழம் போதாது என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். உங்களுக்கு அது வசதியே. முன்னர்க் குறிப்பிட்ட பாசிக்குடாவிலும் வெகுதூரம் இடுப்பளவு நீர்தான். ஆனாலும் எந்தக் கரையாயினும், சிறியவர் கை நீட்டினால் எட்டும் தொலைவுக்குள்ளேயே இருக்க வேண்டும். காற்று நிரப்பிய மிதவைகளை நம்ப வேண்டாம். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று அவற்றை நொடியில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். கொடிகள் நட்ட இடத்தில் கூட்டமாக இருக்கிறது. சற்றுத் தள்ளி, அலையே இல்லாத அமைதியான பகுதியில் இறங்கினால் என்ன?

அந்த அமைதியான பகுதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கரையேறிய அலைநீர் கடலுக்குத் திரும்ப ஒரு வழி தேடுகிறது. மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் அதன் வழியே ஒடுங்கி, ஓடையாக வெளியேறுகிறது. இதையே ரிப் கரண்ட், அதாவது இழுவை நீரோட்டம் என்கிறோம். சற்று உயரமான இடத்தில் நின்று சிறிது நேரம் பார்த்தால், இருபுறமும் வெள்ளை நுரையோடு அலைகள் உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், நிறம் கறுத்து, மேற்பரப்பு நெளிந்தபடி இருப்பதும், கலங்கிய மணலும் நுரைத் துணுக்குகளும் அதன் வழியே கடல் நோக்கி நகர்வதும் தெரியும். நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டிய வேகங்களும் அளக்கப்பட்டுள்ளன. அதை எதிர்த்துக் கரைக்கு நீந்துவது எவராலும் ஆகாது, எதிர்த்துக் களைத்துப் போவதுதான் உயிரைப் பறிக்கிறது.

அகப்பட்டுக்கொண்டால், அது உங்களை வெளியே இழுக்குமே தவிர நீருக்கடியில் இழுக்காது என்பதை நினைத்து, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில், அலைகள் உடையும் இடம் நோக்கி நீந்தி வெளியேறுங்கள்.

கொடிகளைப் பொறுத்தவரை, பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பில் இருக்கிறது. சிவப்பு அபாயத்தையும், இரட்டைச் சிவப்பு நீரில் இறங்கத் தடையையும், ஊதா கொட்டும் கடலுயிரிகள் இருப்பதையும் குறிக்கும். இது நாட்டுக்கு நாடு சற்று வேறுபடும் என்பதால் நுழைவிடத்துப் பலகையைப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: ‘நீலக்கொடி’ பெற்ற கரை என்றால் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா?

தூய்மையானது என்று கொள்ளலாம். பிரான்சில் 1985இல் தொடங்கி, 1987 முதல் ஐரோப்பிய அளவிலும் பின்னர் பல நாடுகளிலும் வழங்கப்படும் இச்சான்று, நீரிலுள்ள ஈ.கோலை போன்ற நுண்ணுயிரிகளின் அளவு, கழிப்பறை வசதி, கழிவு மேலாண்மை, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றைப் பார்க்கிறது. இன்றைக்கு அலை எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கேள்வி: டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பக்கம் போகிறோம். ஜெல்லி மீன்கள் அவ்வளவு ஆபத்தா?

ஆம். பெட்டி ஜெல்லி மீனின் நஞ்சு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்க வல்லது; வட குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில் நவம்பர் முதல் மே வரை அதன் பருவம். வலை கட்டிய பகுதியில் மட்டும், உடல் முழுவதையும் மூடும் மெல்லிய நீச்சலுடையோடு இறங்குங்கள். இருகாண்ட்ஜி என்ற மிகச் சிறிய இனம் வலைக்கண் வழியே நுழைந்துவிடும் என்பதால் உடையைத் தவிர்க்கக் கூடாது. அக்கரைகளில் காடி (வினிகர்) வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் அதைத் தாராளமாக ஊற்றி, தேய்க்காமல், உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு மணலில் படுத்திருப்பது பிடிக்காது. கடலோரத்தில் பார்ப்பதற்கென்று இடங்கள் உள்ள ஊராகச் சொல்லுங்கள்.

அவர் பக்கம்தான் நானும். நீராடுவதற்குக் காலையும் மாலையுமே போதும். நடுப்பகலுக்கு நிழலும் வேலையும் உள்ள ஊரே சிறந்த கடற்கரை ஊர். இலங்கையின் காலி அவ்வகையில் எனக்கு மிகப் பிடித்தது. போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர் விரிவாக்கிய கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். மதிலின் மேல் நடந்தபடியே கடலைப் பார்க்கலாம். உனவட்டுனவின் கரையும் அருகிலேயே உள்ளது. குரோஷியாவின் டூப்ரோவ்னிக் நகர மதில் ஏறத்தாழ 2 கி.மீ. சுற்று; அதில் நிழல் கிடையாது, ஆதலால் திறந்தவுடன் ஏறிவிடுங்கள். ஸ்பெயினின் லா கொருன்யாவில் ரோமானியர் கட்டிய ஹெர்குலிஸ் கலங்கரை விளக்கம் இன்னும் பணியில் இருக்கிறது.

கடலேற்றத்தையும் வற்றையும் ஒட்டிய இடங்கள் தனிச் சுவை உடையவை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 16 மீட்டர் வரை எட்டுகிறது. ஹோப்வெல் பாறைகளின் அடியில் நடந்த இடத்திலேயே சில மணி நேரம் கழித்துப் படகில் போகலாம். இத்தகைய இடங்களுக்கு அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே சுமார் ஆறேகால் மணி நேரம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் அதிகம். இத்தாலியின் காப்ரித் தீவில் உள்ள நீலக் குகையின் வாயில் ஒரு மீட்டர் அளவே உயரம் என்பதால், துடுப்புப் படகில் படுத்தபடிதான் நுழைய முடியும். அலை சற்று உயர்ந்தாலும் மூடிவிடுவார்கள். அதை நம்பி ஒற்றை நாளை மட்டும் ஒதுக்காதீர்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மாவுக்குக் கடலில் நனைய ஆசை. வழி உண்டா?

உண்டு. கிரீஸில் பல கரைகளில் சீட்ராக் என்ற தண்டவாள இருக்கை நிறுவப்பட்டுள்ளது. அதில் அமர்ந்தால் நேரே நீருக்குள் இறங்கி, தாமே திரும்பவும் மேலே வரலாம். வேறு பல நாடுகளில் அகலமான சக்கரங்கள் கொண்ட மிதக்கும் நாற்காலிகளும், மணல் மேல் விரிக்கும் பாய்ப்பாதையும் உள்ளன. பாதை நீர் வரைக்கும் போகிறதா, நாற்காலியை முன்பதிவு செய்ய வேண்டுமா, இறக்கிவிட ஆள் இருக்கிறாரா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சன்ஸ்கிரீனை ஹவாய் தீவுகளில் தடை செய்துவிட்டார்களாமே?

எல்லாவற்றையும் இல்லை. பவளத்துக்குத் தீங்கு என்று கருதி, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய இரு வேதிப்பொருட்களில் ஏதேனும் ஒன்று கலந்திருந்தாலும் அவற்றை விற்பதை 2021 ஜனவரி முதல் ஹவாய் தடை செய்தது. பலாவ் தீவு நாடு அதற்கு ஓராண்டு முன்பே இன்னும் கடுமையான தடையைக் கொண்டுவந்துவிட்டது. துத்தநாக ஆக்ஸைடு அடிப்படையிலான களிம்பை எடுத்துச் சென்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து ஏறியதும் பூசுங்கள். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால், குடையின் கீழ் அமர்ந்திருப்பவர்களும் பூசிக்கொள்ள வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பும் குறையும்.