அண்ணன் அப்பா சொத்து முழுவதையும் தனக்கு மட்டுமே சொந்தம் என்று எழுதி விற்றுவிட்டார். போலிப் பத்திர வழக்கு நிற்குமா?

அண்ணன் தன் பெயரில், தன் கையெழுத்தும் கைரேகையும் வைத்துத்தான் விற்றிருக்கிறார் என்றால், அந்தக் கிரையப் பத்திரம் சட்டப்படி போலி ஆவணம் ஆகாது. உள்ளே இருப்பது பச்சைப் பொய்யாக இருந்தாலும் சரி. 2009-ல் முகமது இப்ராஹிம் எதிர் பீகார் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசியின் 464-வது பிரிவு (இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ் 335) போலி ஆவணம் உருவாக மூன்று வழிகளை மட்டுமே சொல்கிறது. இன்னொருவர் எழுதியதாகவோ அவர் அனுமதியோடு எழுதியதாகவோ நம்பவைக்கத் தயாரிப்பது. எழுதி முடித்த ஆவணத்தில் அதிகாரமில்லாமல் முக்கியப் பகுதியைத் திருத்துவது. மனநிலை சரியில்லாதவர், போதையில் இருப்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாதபடி ஏமாற்றப்பட்டவர் ஆகியோரிடம் கையெழுத்து வாங்குவது. அண்ணன் செய்தது மூன்றிலும் அடங்காது. 464 விழுந்தால், போலி ஆவணம் தயாரித்ததற்கும் பயன்படுத்தியதற்குமான 467, 468, 471 எல்லாமே கூடவே விழும். எஃப்ஐஆரில் அத்தனை பிரிவுகளையும் வரிசையாக அடுக்கிவிட்டு, பிறகு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும் வழக்குகளில் பல இந்த ரகம்தான்.

வாரிசுச் சான்றிதழையும் பாருங்கள். உங்கள் பெயரை மறைத்து மனு கொடுத்து வாங்கியிருந்தால், அது தாசில்தார் வழங்கிய உண்மைச் சான்றிதழ்; பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றம். வாங்கிய சான்றிதழில் உங்கள் பெயரைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தால் போலி ஆவணக் குற்றம் வந்துவிடும்.

மோசடிக்கான 420 (பிஎன்எஸ் 318(4)) போட முடியாதா என்றால், ஏமாந்தது யார் என்று பார்க்க வேண்டும். பொய்யை நம்பிப் பணம் கொடுத்தவர் வாங்கியவர். புகார் சொல்ல வேண்டியவர் அவர். உங்களை யாரும் எதையும் நம்பவைத்து எதையும் வாங்கவில்லை. வாங்கியவரையும் எதிரியாகச் சேர்த்துப் புகார் எழுதினால் 420-க்கான அடிப்படையே போய்விடும்.

உங்கள் கையெழுத்தையே யாராவது போட்டிருந்தால் கதை வேறு. அப்போதும் கெட்ட எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். 1962-ல் டாக்டர் விமலா வழக்கில், கைக்குழந்தை நளினி பெயரில் கார் வாங்கிய தாய், இன்ஷூரன்ஸ் படிவங்களில் ‘நளினி’ என்று தானே கையெழுத்திட்டிருந்தார். அவருக்கு அதனால் ஆதாயமில்லை, கம்பெனிக்கும் நட்டமில்லை என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பாகத்தைப் பறிக்கப் போட்ட கையெழுத்துக்கு அந்தத் தப்பிப்பு கிடைக்காது.

ஆள்மாறாட்டம் என்றால் நடித்த ஆளைக் கண்டுபிடிப்பது முக்கியம். ஷீலா செபாஸ்டியன் வழக்கில் (2018) போலிப் பெண்ணை வைத்துப் பவர் பத்திரம் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெண் கடைசிவரை சிக்கவில்லை. பத்திரத்தைத் தயாரித்தவர் என்று நிரூபிக்கப்படாததால், பலனடைந்தவருக்குப் போலி ஆவணத் தண்டனை கிடைக்கவில்லை. அதனால் புகாரிலேயே கூட்டுச்சதி, உடந்தை, பதிவுச் சட்டம் 82 (பதிவில் பொய் சொல்வது, ஆள்மாறாட்டம்) ஆகியவற்றையும் கேளுங்கள்.

முதலில் வில்லங்கச் சான்றும் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் எடுங்கள். அடையாளம் காட்டிய சாட்சிகள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸை வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டால் அறிக்கை நிற்பது கஷ்டம். அசல் பத்திரமும், அதே காலகட்டத்தில் நீங்கள் போட்ட கையெழுத்தும் வேண்டும். கையெழுத்தைவிட, சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்த கைரேகை பலமான சாட்சி. ‘இது சிவில் மேட்டர்’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் எஸ்பிக்கு எழுத்துப் புகார், அதன்பிறகு அபிடவிட்டோடு மாஜிஸ்திரேட்டிடம் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 175(3)-ன் கீழ், விசாரணைக்கு உத்தரவிடக் கேட்டு மனு. 2024 ஜூலை 1-க்கு முன் எழுதிய பத்திரம் என்றால் ஐபிசி பிரிவுகள்தான்.

நீங்கள் சொன்ன நிலைமைக்கு உண்மையான பரிகாரம் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் விற்றது அவர் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திடாதவர் என்பதால், ரத்து கேட்கத் தேவையில்லை. ‘என் பங்கைக் கட்டுப்படுத்தாது’ என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையைக் கேளுங்கள். வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேருங்கள், மேற்கொண்டு விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் கேளுங்கள்.