கணினியில் இருப்பு பூஜ்யம், அலமாரியில் காலாவதி மாத்திரை

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்துகிறேன். சென்ற மாதம் மருந்து ஆய்வாளர் சோதனைக்கு வந்து, காலாவதியான பதினோரு ஸ்ட்ரிப் இரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பற்றி, படிவம் 16-இல் ரசீது கொடுத்தார். ஆனால் எங்கள் மென்பொருளில் அந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி) இருப்பு பூஜ்யம் என்றே இருக்கிறது. காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே எச்சரிக்கும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். மொத்த விற்பனையாளரோ பழைய சரக்கைத் திரும்ப எடுக்காமல் இழுத்தடித்தார். எதிர்க்கடைக்காரர்தான் புகார் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்துள்ளது. மென்பொருள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாமா? கணக்கைச் சரிசெய்துவிட்டுப் பதில் அனுப்பலாமா?

பதில்: புகார் கொடுத்தது யார் என்பதை மறந்துவிடுங்கள். புகாரே இல்லாவிட்டாலும் ஆய்வாளர் உங்கள் கடைக்குள் வரலாம். உங்கள் பதினெட்டு ஆண்டு நற்பெயர் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது உதவும். அதற்கு முன் உதவாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தப் பதினோரு ஸ்ட்ரிப்பும் கடையில் எந்த இடத்தில் இருந்தன? மருந்துகள் விதிகள் 1945-இன் விதி 65(17), காலாவதியான மருந்தை விற்பதை மட்டுமல்ல, இருப்பில் வைப்பதையே தடுக்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு: திரும்ப அனுப்பவோ, ஈடு பெறவோ, அழிக்கவோ உற்பத்தியாளரிடம் அல்லது அவருடைய பிரதிநிதியிடம் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், விற்பனைச் சரக்கிலிருந்து பிரித்து, ‘விற்பனைக்கு அல்ல’ என்று மேலே தெளிவாக எழுதிய பெட்டியில் வைத்திருக்கவும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் விலக்கு இல்லை. மொத்த விற்பனையாளர் இழுத்தடித்ததற்கு, சோதனைக்கு முந்தைய தேதியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தாலும் அது பயன்படும். ஆனால் மாத்திரை விற்பனை அலமாரியில் இருந்தது என்று ஆய்வுக் குறிப்பு சொன்னால், அந்தச் செய்தி பாதிப் பாலம்தான்.

இனி, நான் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். ‘கணினியில் பூஜ்யம் என்று இருந்தது, அதனால் எனக்குத் தெரியாது’ என்று பதில் எழுதத் துடிக்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள். பூஜ்யம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். பில் போடும்போது மென்பொருள், முதலில் காலாவதியாகும் பேட்சைத் தானாக எடுத்துக்கொள்கிறது. கடையில் விற்பவரின் கையோ, முன்னால் இருக்கும் புதிய பேட்சை எடுத்துக் கொடுக்கிறது. கணினியில் பழையது கழிகிறது. அலமாரியில் பழையது தங்குகிறது. இருப்பு பூஜ்யமான பேட்சுக்கு எச்சரிக்கை எப்படி வரும்? நீங்கள் பில்லில் சொன்னதைத்தான் மென்பொருள் திருப்பிச் சொன்னது.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்தால், நோயாளிகளுக்குக் கொடுத்த பில்களில் தவறான பேட்ச் எண் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் மருந்துக்கு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பதிவாக வேண்டும் என்று கேட்பதும் அதே விதி 65-தான். ஒரு குற்றச்சாட்டு இரண்டாகிவிடும். நாளை ஒரு பேட்ச் தரமற்றது என்று திரும்பப் பெறப்பட்டால், அதை யார் யார் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. அதிகாரியின் கவலை அதுதான். எனக்கும் அதுதான் கவலை.

‘கணக்கைச் சரிசெய்து’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது பதறினேன். என்னிடம் வந்த ஒரு கடைக்காரர், சோதனை நடந்த அன்றிரவே, கைப்பற்றப்பட்ட சரக்கை இரண்டு மாதம் முன்பே திருப்பி அனுப்பியதாகப் பின்தேதியிட்டுப் பதிவு செய்திருந்தார். மொத்த விற்பனையாளரின் கணக்கில் அப்படி ஒரு வரவே இல்லை. எந்தப் பதிவு எப்போது செய்யப்பட்டது என்று மென்பொருள் தானாகக் குறித்துவைக்கும் உள்பதிவில் இரவு பதினொன்றரை மணி என்று நேரம் நின்றது. சில நாள் உரிம நிறுத்தத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரத்தில் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 241-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய தனிக் குற்றம். இன்றே முழு நகல் எடுத்து, தேதியிட்டு, பூட்டி வையுங்கள். திருத்தம் தேவையென்றால் இன்றைய தேதியில், காரணம் எழுதிச் செய்யுங்கள். அந்தப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழும் வேண்டும்.

மென்பொருள் நிறுவனத்தின் மீது வழக்கு வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களில், நீங்கள் கட்டிய சந்தாவுக்கு மேல் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வணிகத்துக்காக வாங்கியது என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்திலும் எதிர்ப்பார்கள். ஓராண்டுச் சந்தாவைத் திருப்பிக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, உள்பதிவு முழுவதையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தைப் பகைத்துக்கொண்டால் அது கிடைக்கத் தாமதமாகும்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோடும் போராடாதீர்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப் பிரிவு 27(டி) ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை சிறையும் குறைந்தது 20,000 ரூபாய் அபராதமும் சொல்கிறது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு அது பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளக் கூடிய குற்றமாகிவிட்டது. மாத்திரை அலமாரியில்தான் இருந்தது என்றால் அந்த வழியைக் கேளுங்கள். பதிலில் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, இப்போது தனிப் பெட்டி வைத்திருப்பதைப் படத்தோடு காட்டி, கருணை கோருங்கள்.

மீதமிருக்கும் காலாவதிச் சரக்கைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். 2010-இல் சென்னையில், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகள் புது லேபிளோடு கடைகளுக்குத் திரும்பி வந்ததை இந்தத் துறை இன்னும் மறக்கவில்லை. மொத்த விற்பனையாளரிடம் ஒப்படைத்து, பேட்ச் எண் குறித்த ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.