சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும் என எலிகளிடம் நிரூபித்துவிட்டார்களாமே, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி சாப்பிடலாமா?

நிறுத்தாதீர்கள். எலிகளுக்குக் குறைவது உண்மைதான்; எம்.ஃபில். படித்தபோது நானே குறைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த எலிகளுக்கு இருந்தது நாங்களே வரவழைத்த நோய். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் செத்துப்போகும். சாகிற செல்லிலிருந்து இன்சுலின் மொத்தமாகக் கொட்டுவதால் முதல் இரவு சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். கூண்டில் குளுக்கோஸ் தண்ணீர் வைத்தாக வேண்டும். ஒருமுறை வைக்க மறந்தேன். காலையில் மூன்று எலிகள் விறைத்துக் கிடந்தன.

பிழைத்தவற்றின் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, 250-க்கு மேல் இருப்பவற்றுக்கு மட்டும் தினமும் இலைச்சாறு. எத்தனாலில் இறக்கி வற்றவைத்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி விரலில் ஒட்டும். (இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டுப் பாருங்கள், மணல்தான். ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரவிடாது. லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதுதான் எங்கள் ராகிங்.)

நான் கொடுத்தது கிலோ எடைக்கு 400 மி.கி. எலிக் கணக்கை மனிதக் கணக்காக்க 6.2-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்குத் தினம் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு வருகிறது. எனக்கு 100 கிராம் பொடியில் 12 கிராம் சாறுதான் தேறியது. அப்படியானால் தினம் 32 கிராம் பொடி! நீங்கள் வெந்நீரில் கலக்கும் ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு?

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 நோயாளிகள் 22 பேர் மாத்திரையோடு சேர்த்துத் தினம் 400 மி.கி. என 18 முதல் 20 மாதம் சாப்பிட்டார்கள். ஐந்து பேர் மாத்திரையையே விட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த ஐந்து பேர் கதைதான், மீதிப் பதினேழு பேரை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அதுவும் கடைப் பொடி இல்லை, சாற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று மறைத்துவைத்துச் செய்த சோதனையும் இல்லை.

பொடி சாப்பிட்டே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். கிளிமிப்ரைடு (இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் சர்க்கரை மாத்திரை) போடுகிறவர் என்றால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். என் அப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியபோதுதான், ஒரு மாதமாக அவர் பொடி சாப்பிட்டது எங்களுக்கே தெரிந்தது.